பேசுபொருளா, ஓட்டுப்பொருளா? ஒரு தொகுதியில் எந்தப் பிரச்சினை வாக்காக மாறும் என்று கண்டறியும் முறை

தேர்தல் வந்துவிட்டால் ஒரு தொகுதிக்குள் மூன்று பட்டியல்கள் உலவும். பத்திரிகையும் டிவியும் எதைப் பேசுகின்றன என்பது ஒன்று. வேட்பாளர் மைக்கைப் பிடித்ததும் எதைப் பேசுகிறார் என்பது இன்னொன்று. மூன்றாவது, ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் எதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார் என்பது. மூன்றும் ஒன்றாக இருக்கும் தேர்தல்கள் குறைவு. முதல் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ‘இந்தத் தேர்தல் இதைப் பற்றியது’ என்று எழுதுகிறவர்கள்தான் ஓட்டு எண்ணும் அன்று மத்தியானம் முழிக்கிறார்கள்.

தொகுதி அளவில் செய்தி சேகரிப்பவர்கள், கல்லூரி ஆய்வு மாணவர்கள், தன்னார்வ அமைப்பினர், உள்ளூர்க் கட்சிக்காரர்கள் யாரானாலும் இந்த மூன்றையும் தனித்தனியே அளந்து ஒப்பிட ஐந்து பேர் போதும். தேர்தல் அறிவிப்பிலிருந்து வாக்குப்பதிவு வரையுள்ள ஐந்தாறு வாரங்களில் முடித்துவிடலாம். செலவு பெட்ரோலுக்கும் ஜெராக்ஸுக்கும்தான்.

முதலில் ஒரு அடிப்படை. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இரு ஆய்வாளர்கள் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களைச் சந்தித்தார்கள். முக்கியமான பிரச்சினைகள் எவை என்று அவர்கள் சொன்ன வரிசையையும், அந்த ஊருக்கு வந்த செய்தி ஊடகங்கள் பிரச்சினைகளுக்குக் கொடுத்த இடத்தின் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின. ஊடகம் நம் கருத்தை மாற்றுகிறதோ இல்லையோ, எதைப் பற்றிக் கருத்து வைத்திருக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது என்ற கோட்பாடு 1972-இல் வெளியான அந்தக் கட்டுரையிலிருந்துதான் வேர்விட்டது. நம் ஊரில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கட்சிக்கொரு சேனல் இருக்கும் மாநிலத்தில், எந்த ஊடகத்தின் பட்டியல் என்ற கேள்வி முதலிலேயே வந்துவிடுகிறது.

நான்கு வாசல்கள்

ஒரு பிரச்சினை பேச்சிலிருந்து ஓட்டுக்குப் போக நான்கு வாசல்களைத் தாண்ட வேண்டும். வாக்காளர் மனதில் அது முன்னால் நிற்க வேண்டும். அதற்கான பழி, இந்தத் தேர்தலில் நிற்கிற யாரோ ஒருவர் மேல் விழ வேண்டும். அந்த விஷயத்தில் கட்சிகளுக்கு இடையே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சொல்கிறவர் ஜெயித்து வந்து செய்வார் என்ற நம்பிக்கை வேண்டும். ஒரு வாசல் அடைத்துக்கொண்டாலும் பிரச்சினை உயிரோடுதான் இருக்கும், ஓட்டாக மட்டும் மாறாது.

நான்கும் ஒன்றாகத் திறந்ததற்கு 1967-ஐக் காட்டலாம். அரிசித் தட்டுப்பாடு வீட்டுக்கு வீடு தெரிந்தது. ‘பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சி’ என்ற கோஷம் முதல்வரைப் பெயர் சொல்லிப் பழியை அவர் மேல் வைத்தது. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற வாக்குறுதி வித்தியாசத்தைக் காட்டியது. அதிலேயே ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது: மூன்று படியை நம்பாதவர்கூட ஒரு படியை நம்பலாம். நான்காவது வாசலுக்கான சாவி அந்த ‘நிச்சயம்’ என்ற சொல்லில் இருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம் வேறு. திமுக 137 இடங்களில் வென்றது. விருதுநகரில் காமராஜரே தோற்றார்.

மூன்றாவது, நான்காவது வாசல்களில் முட்டிக்கொண்டதற்கு 2016 மதுவிலக்கு. அதைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம்.

முதல் பட்டியல்: செய்தியை எண்ணுவது

இரண்டு நாளிதழ்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொகுதியில் டீக்கடைக்கும் சலூனுக்கும் வருகிறவையாக இருக்க வேண்டும், நீங்கள் விரும்பிப் படிப்பவையாக அல்ல. மாவட்டப் பதிப்பு முக்கியம். சென்னைப் பதிப்பின் இணையதளத்தைப் பார்த்து எண்ணினால் கணக்கு கெட்டுவிடும். இதோடு இரவு விவாத நிகழ்ச்சி நடத்தும் இரண்டு சேனல்களின் அன்றாடத் தலைப்பு. இரண்டும் எதிரெதிர் சார்புள்ளவையாக இருக்கட்டும்.

தினமும் ஒவ்வொரு செய்திக்கும் நான்கு குறிப்புகள்: தேதி, பக்கம், பிரச்சினை, எத்தனை பத்தி (காலம்) அகலம் எத்தனை செ.மீ. உயரம். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் கிடைப்பது அந்தச் செய்தியின் இடம். முதல் பக்கச் செய்தியின் எண்ணை இரண்டால் பெருக்குங்கள், முதல் பக்கத் தலைப்புச் செய்தியை மூன்றால். இந்த எடைகளுக்கு இதுதான் சரி என்ற விதி கிடையாது. ஆனால் முதல் நாள் வைத்த எடையைக் கடைசி நாள் வரை மாற்றக் கூடாது.

பிரச்சினைகளுக்கு 12 முதல் 15 தலைப்புகள் போதும்: விலைவாசி, வேலை, குடிநீர், சாலை–பஸ், மது, ஊழல், சாதி இடஒதுக்கீடு, விவசாயக் கடன், நீட், சட்டம் ஒழுங்கு, மாநில உரிமை, உங்கள் தொகுதிக்கென்றே உள்ள ஓரிரண்டு. இதற்கு மேல் போனால் எண்ணுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ‘யாருக்கு எத்தனை சீட்’, ‘கூட்டணியில் விரிசல்’, ‘வேட்பாளர் பட்டியல் எப்போது’ போன்றவற்றுக்குக் கட்டாயம் தனித் தலைப்பு வேண்டும். மார்ச் மாதம் பாதிப் பத்திரிகையை அதுதான் அடைத்திருக்கும். அதைப் பிரச்சினைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேப்பல் ஹில்லிலும் தேர்தல் செய்தியில் கணிசமான பங்கு பிரச்சினையைப் பற்றியதாக இல்லை, பிரச்சார ஆட்டத்தைப் பற்றியதாகவே இருந்தது.

ஒரே நாளின் தாளை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு எண்பது செய்திகளிலாவது இருவரும் ஒரே தலைப்பைப் போட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஆளைத் திட்டாமல் தலைப்பைத் திருத்துங்கள். பெரும்பாலும் தகராறு ‘கேஸ் சிலிண்டர் விலை’ போன்ற செய்தியில்தான் வரும். அது விலைவாசியா, மத்திய அரசு எதிர்ப்பா? விதியை எழுதி ஒட்டிவிடுங்கள்: தலைப்பு வரியில் எது எழுவாயோ அதுவே பிரச்சினை.

இரண்டாவது பட்டியல்: மேடை

இது எளிது, ஆனால் ஆள் போக வேண்டும். தேர்தல் அறிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். 2021-இல் திமுக அறிக்கையில் 505 வாக்குறுதிகள் இருந்தன. வேட்பாளர் ஜீப்பில் நின்றுகொண்டு ஒரு தெருமுனையில் சொல்ல முடிந்தது நான்கோ ஐந்தோதான். அந்த நான்கைந்து எவை என்பதுதான் உங்களுக்கு வேண்டும். ஒவ்வொரு முக்கிய வேட்பாளருக்கும் பத்துக் கூட்டமாவது கேளுங்கள்: நகரத்தில் மூன்று, ஒன்றியத்தில் ஏழு. எந்தப் பிரச்சினைக்கு எத்தனை நிமிடம், எந்த இடத்தில் கூட்டம் சத்தம் போட்டது, இரண்டையும் குறியுங்கள். வேட்பாளர் மூன்றாம் நாளிலிருந்து எதைப் பேசுவதை நிறுத்தினார் என்பதையும் பாருங்கள். ஊருக்குள் எடுபடாதது முதலில் அவருக்குத்தான் தெரியும்.

சொல் பொருளாக மாறும் இடத்தையும் கவனியுங்கள். மதுரை எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது; இரண்டு வருடம் கழித்தும் கட்டடம் எழவில்லை. மத்திய திட்டம், நிதி, கடன் ஒப்பந்தம் என்று விளக்கப் போனால் ஒரு கூட்டமும் நிற்காது. 2021 பிரச்சாரத்தில் உதயநிதி ஸ்டாலின் ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டி ‘இதுதான் எய்ம்ஸ்’ என்றார். மருத்துவமனை இல்லாத குறை அதற்கு முன்பும் இருந்தது. செங்கல் அதற்கு ஒரு கைப்பிடி போட்டுக் கொடுத்தது.

மூன்றாவது பட்டியல்: வீட்டு வாசலில்

வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, தவறுகளில் முக்கால்வாசியும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாக.

400 பேர் போதும். முழுக்க எதேச்சையாகத் தேர்ந்த 400 பேர் என்றால் பிழை ஐந்து சதவீதம் மேலே கீழே. ஆனால் நீங்கள் பூத் பூத்தாகப் போகிறீர்கள். ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள் என்பதால் உண்மையான பிழை ஏழு சதவீதம் வரை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 சதவீதம் சொன்ன பிரச்சினைக்கும் 21 சதவீதம் சொன்ன பிரச்சினைக்கும் ‘முதலிடம், இரண்டாமிடம்’ என்று பட்டம் கட்டுவது ஏமாற்று வேலை.

பூத் தேர்வு இப்படி: தொகுதியின் வாக்குச்சாவடிப் பட்டியலை வரிசையாக வைத்து, மொத்தத்தை 20-ஆல் வகுத்து, அந்த இடைவெளியில் 20 பூத்துகளை எடுங்கள். 300 பூத் என்றால் பதினைந்துக்கு ஒன்று. வாக்காளர் பட்டியல் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் வாரியாக (ஒரு பூத்துக்கு ஒரு பாகம்) கிடைக்கும். ஒரு பாகத்தில் 1,060 பேர் இருந்தால் 20-ஆல் வகுக்க 53. ஒன்றிலிருந்து 53-க்குள் சீட்டுப் போட்டு ஒரு எண் எடுங்கள். 17 வந்தால் 17, 70, 123, 176 என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த வரிசை எண்ணுக்கு உரியவரைத்தான் பார்க்க வேண்டும். வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பவரை அல்ல. சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள். அவர்களை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் 1977 தேர்தலைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ளலாம்.

பட்டியலில் பெயர் இருந்தும் ஆள் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பார். இரண்டு முறை போயும் இல்லையென்றால் அதே பாலினத்தில் அடுத்த வரிசை எண். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் வீட்டில் பிடிக்க முடியாது. மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். பெண்களிடம் பெண்களே பேசட்டும், வீட்டு ஆண் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து. ‘அவருகிட்டயே கேட்டுக்கங்க’ என்று வந்த பதிலை எழுதி வைத்துக்கொண்டு வெளியே வருவதில் பயனில்லை.

கேள்விகள் மூன்றுதான். கட்சிக்கொடி கட்டிய வண்டியில் போகாதீர்கள், ‘யாருக்கு ஓட்டு’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு உரையாடல் எப்படிப் போகும் என்று பாருங்கள்.

‘அம்மா, இப்போ உங்க வீட்டுக்குப் பெரிய தலைவலின்னா எது?’

‘எல்லாந்தான் தம்பி. எதைன்னு சொல்றது?’

இந்த இடத்தில் ஐந்து நொடி வாயைத் திறக்கக் கூடாது. ‘விலைவாசியா, தண்ணியா?’ என்று எடுத்துக்கொடுத்தால் அவர் அதில் ஒன்றைத் தொட்டுவிட்டு உங்களை அனுப்பிவிடுவார்.

‘தண்ணிதான். நாலு நாளைக்கு ஒருக்கா வருது. அதுவும் ராத்திரி.’

‘இதுக்கு யாரும்மா பொறுப்பு?’

‘மோட்டார் ரிப்பேருங்கறாங்க. பஞ்சாயத்துத் தலைவரைத்தான் கேக்கணும்.’

‘இப்ப வர்ற ஓட்டுல இதை நெனச்சுப் பாப்பீங்களா?’

‘அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?’

முதல் வாசல் திறந்திருக்கிறது, இரண்டாவது பூட்டியிருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் இந்த வீட்டுத் தண்ணீர்ப் பிரச்சினை ஓட்டாகாது. அடுத்த தெருவில் இன்னொருவர், ‘போன தடவை டேங்க் கட்டித் தர்றேன்னு எம்.எல்.ஏ. சொல்லிட்டுப் போனாரு, அப்புறம் ஆளையே காணோம்’ என்பார். அதே தண்ணீர், ஆனால் வேறு பிரச்சினை. படிவத்தில் ‘குடிநீர்’ என்று ஒரே சொல்லில் எழுதினால் இந்த இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். அதனால் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், தலைப்புப் போடுவதை ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள்.

‘வீட்டுக்கு’ என்று கேட்பதும் ‘நாட்டுக்கு’ என்று கேட்பதும் வெவ்வேறு கேள்விகள். நாட்டின் முக்கியப் பிரச்சினை எது என்றால் முந்தைய நாள் டிவி பதிலாக வரும். வீட்டுக்கு எது என்றால் அடுப்படி பதிலாக வரும். இரண்டையும் கேட்பதானால் வீட்டுக் கேள்வியை முதலில் வையுங்கள்.

‘முக்கியம்’ என்று சொன்னதையே ‘ஓட்டுக்குக் காரணம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் லோக்நீதி–சிஎஸ்டிஎஸ் என்ற ஆய்வு அமைப்பு எடுத்த கணிப்பில் வேலையின்மையை 27 சதவீதமும் விலைவாசியை 23 சதவீதமும் முதன்மைப் பிரச்சினையாகச் சொன்னார்கள். ஆளும் கட்சிக்கு எதிராக இரண்டுமே பேசும். பாஜக தனிப்பெரும்பான்மையை இழந்தது; ஆனாலும் கூட்டணியோடு ஆட்சியைத் தக்கவைத்தது. பிரச்சினை இருந்தது, சிலருக்குப் பழி மாநில அரசின் மேல் போனது, சிலருக்கு மாற்று ஆள் கண்ணில் படவில்லை. உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் இந்த இடைவெளியைப் பிடிப்பதற்காகத்தான்.

ஒப்பிடும் கணக்கு

பழகிக்கொள்ள ஒரு கற்பனைத் தொகுதி. ஆறு பிரச்சினைகள். பத்திரிகை வரிசையில் ஊழல் 1, நீட் 2, விலைவாசி 3, வேலை 4, மது 5, குடிநீர் 6. மக்கள் வரிசையில் விலைவாசி 1, குடிநீர் 2, வேலை 3, மது 4, ஊழல் 5, நீட் 6. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடங்களின் வித்தியாசம்: ஊழல் 4, நீட் 4, விலைவாசி 2, வேலை 1, மது 1, குடிநீர் 4. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 16+16+4+1+1+16 = 54. இதை 6-ஆல் பெருக்கினால் 324 (இந்த 6 சூத்திரத்தில் உள்ள மாறாத எண், பிரச்சினைகளின் எண்ணிக்கை அல்ல). பிரச்சினைகளின் எண்ணிக்கை 6 என்பதால் வகுக்கும் எண் 6×(36−1) = 210. ஒன்றிலிருந்து 324/210-ஐக் கழித்தால் ஏறக்குறைய −0.54.

+1 என்றால் இரண்டு வரிசையும் ஒன்றே. பூஜ்யம் என்றால் சம்பந்தமில்லை. கீழே இறங்கினால் எதிர்த்திசை. ஆறு பிரச்சினைகளை வைத்துக்கொண்டு 0.3-க்கும் 0.4-க்கும் வித்தியாசம் பேசாதீர்கள். குறி என்ன, பெரிதா சிறிதா, அவ்வளவுதான். இதையே பத்திரிகை–மேடை, மேடை–மக்கள் என்று மற்ற இரண்டு ஜோடிகளுக்கும் போடுங்கள். மேடையும் மக்களும் நெருங்கி, பத்திரிகை தனியே நின்றால் உள்ளூர்க் கட்சிக்காரர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். மேடையும் பத்திரிகையும் ஒட்டிக்கொண்டு மக்கள் தனியே நின்றால் யாரோ 2004 செய்கிறார்கள். ‘இந்தியா ஒளிர்கிறது’ என்று அன்றைய பாஜக கூட்டணி அரசின் விளம்பரம் ஊடகங்களில் நிறைந்திருந்த அந்த வருடம் மத்தியில் ஆட்சியே மாறியது; தமிழ்நாடு, புதுச்சேரியின் 40 தொகுதிகளையும் திமுக கூட்டணி அள்ளிக்கொண்டது.

இந்தக் கணக்கை ஒரே முறை போட்டால் போதாது. வேட்புமனு தொடங்கும்போது ஒன்று, மனு வாபஸ் முடிந்தபின் ஒன்று, பிரச்சாரம் ஓய்வதற்கு நாலு நாள் முன் ஒன்று. முதல் சுற்றில் பத்திரிகையில் மேலே இருந்தது இரண்டாம் சுற்றில் மக்களிடம் மேலே ஏறினால், ஊடகம் பட்டியலை நகர்த்தியிருக்கிறது. மக்களிடம் முதலில் ஏறி, பத்திரிகைக்குப் பிறகு வந்தால் கதை தலைகீழ்.

பறித்துக்கொள்ளும் ஆட்டம்

எதிரியின் பிரச்சினையை மறுப்பதைவிட அதைத் தனதாக்கிக்கொள்வது லாபம். தமிழ்நாட்டில் இதை இரண்டு கட்சிகளுமே நன்றாக ஆடுகின்றன.

2015 ஜூலையில், ஆட்சிக்கு வந்தால் மதுவிலக்கு என்று கருணாநிதி அறிவித்தார். அதே மாதக் கடைசியில் டாஸ்மாக் கடைக்கு எதிரான போராட்டத்தில் சசிபெருமாள் உயிரிழந்தார். அடுத்த சில மாதங்களில் மதுவைத் தவிர வேறு பேச்சே இல்லை. முதல் வாசல் அகலத் திறந்திருந்தது. பழியும் தெளிவு: கடையை நடத்துவதே அரசு. இந்த நிலையில் 2016 ஏப்ரல் 9-ஆம் தேதி, முதல் பிரச்சாரக் கூட்டத்திலேயே, படிப்படியாக மதுவிலக்கு என்று ஜெயலலிதா அறிவித்தார். ‘முழுதாகவா, படிப்படியாகவா’ என்பது விவாதக்காரர்களுக்கு வித்தியாசம். வீட்டுப் பெண்ணுக்கு ‘ரெண்டு பேரும் மூடுறேங்கறாங்க’. மூன்றாவது வாசல் அடைபட்டுவிட்டது. பல காலமாக மதுவிலக்கைத் தன் அடையாளமாக வைத்திருந்த பாமக தனித்து நின்று ஓரிடம்கூடப் பெறவில்லை. அது நான்காவது வாசல்: அவர்கள் செய்வார்கள் என்று நம்பியவர்கூட, அவர்கள் ஆட்சிக்கு வருவார்கள் என்று நம்பவில்லை. அதிமுக 134 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது. பதவியேற்ற அன்று 500 கடைகளை மூடும் உத்தரவு வந்தது.

2021-இல் இதே ஆட்டம் நாள் கணக்கில் நடந்தது. மார்ச் 7 திருச்சி கூட்டத்தில், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார் ஸ்டாலின். மறுநாள் மகளிர் தினத்தில், 1,500 ரூபாயும் வருடத்துக்கு ஆறு சிலிண்டரும் என்றார் எடப்பாடி பழனிசாமி. அளவில் பெரிது இரண்டாவதுதான். ஆனால் ஆட்சியில் இருப்பவர் வாக்குறுதி கொடுக்கும்போது ‘இத்தனை நாள் ஏன் கொடுக்கலை’ என்ற கேள்வியும் கூடவே வரும். எங்கள் கணிப்பில், ஆளுங்கட்சி பறிக்கும்போது பாதி மதிப்புதான் கிடைக்கும். கையோடு செய்து காட்டினால் மட்டும் கணக்கு வேறு. அதே வருடம் பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது அந்த வகை.

பறிப்பு நடந்த அன்று உங்கள் வேலை: உடனே போய் ‘இந்த விஷயத்தை முதலில் சொன்னது யாரு?’ என்று 40 பேரிடம் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே பூத்துகளில் வேறு 40 பேரிடம் கேளுங்கள். முதலில் சொன்னவரின் பெயர் இரண்டாம் முறையும் அதே அளவு வந்தால் பறிப்பு பலிக்கவில்லை.

நாள் கணக்கு

புதிய பிரச்சினையை நட்டு வளர்க்கக் கால அவகாசம் குறைவு. மனு வாபஸுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் வேண்டும் என்கிறது சட்டம். கிடைப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். 2021-இல் பிப்ரவரி 26 அறிவிப்பு, மார்ச் 22 வாபஸ் முடிவு, ஏப்ரல் 4 மாலையோடு பிரச்சாரம் ஓய்வு, ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. இரண்டு வாரத்தில் புதிதாக ஒரு கோபத்தை உண்டாக்க முடியாது. இருக்கிற கோபத்துக்கு முகவரி எழுதலாம், அவ்வளவுதான். வன்னியர் 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா அந்த பிப்ரவரி 26 அன்றே, தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்பு சட்டமன்றத்தில் நிறைவேறியதற்குக் காரணம் இதுதான்: நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் அரசால் புதிதாக எதையும் அறிவிக்க முடியாது, வாக்குறுதி மட்டுமே கொடுக்கலாம்.

உங்களுக்கும் சட்டம் உண்டு. வாக்குப்பதிவு அன்று பூத்திலிருந்து வருகிறவரிடம் ‘எதை நினைச்சு, யாருக்குப் போட்டீங்க’ என்று கேட்பது வாக்குக்குப் பிந்தைய கணிப்பு. தேர்தல் ஆணையம் அறிவிக்கும் தடைக்காலம் முடியும்வரை அதை நடத்தவும் கூடாது, வெளியிடவும் கூடாது. கடைசி 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பை டிவியிலோ இணையத்திலோ போடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘சும்மா நமக்குள்ள’ என்று போட்டது வெளியே போகாது என்று நினைக்கவும் வேண்டாம்.

கணக்கு தப்பும் இடங்கள்

பிரச்சினை ஜெயித்தது என்று நினைத்த இடத்தில் கூட்டணி ஜெயித்திருக்கும். 2011-இல் மின்வெட்டும் 2ஜி விவகாரமும் திமுகவைச் சாய்த்தன என்பார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மையல்ல. 2006-இல் தனித்து நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கிய தேமுதிக, 2011-இல் அதிமுகவோடு சேர்ந்திருந்தது. அந்தக் கூட்டலைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் மின்வெட்டின் பேரில் எழுத வேண்டும். ஆட்சி மாறிய பிறகு 2012-இல் மின்வெட்டு இன்னும் மோசமானது. ஆனாலும் 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக 37 தொகுதிகளில் வென்றது. பழியை முந்தைய ஆட்சி மேலும் மத்திய அரசு மேலும் தள்ள முடிந்தது, தேர்தல் ‘மோடியா, லேடியா’ என்ற வேறு கேள்விக்கு நகர்ந்திருந்தது.

பணப் பட்டுவாடா நடந்த பூத்துகளில் எந்தப் பிரச்சினைக் கணக்கும் நிற்காது. அங்கே படிவத்தில் ஓரமாக ஒரு குறி போட்டு, முடிவு எழுதும்போது தனியாகப் பிரித்து வையுங்கள். சமூக வலைத்தளத்தில் டிரெண்ட் ஆவதை நான்காவது பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். மக்கள் பட்டியலோடு கலக்காதீர்கள். அதில் உங்கள் தொகுதிக்காரர் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது.

படிவம் 20-ஐ வைத்துச் சரிபார்ப்பது

முடிவு வந்த சில நாளில் பூத் வாரியான வாக்குகள் படிவம் 20-இல் வெளியாகும். உங்கள் 20 பூத்துகளில் ஒரு பிரச்சினை நான்கு வாசலையும் தாண்டியதாகப் பதிவான பூத்துகள் எவை, தாண்டாதவை எவை என்று பிரித்து, ஆளுங்கட்சி வாக்கு முந்தைய தேர்தலைவிட எவ்வளவு மாறியது என்று இரண்டு குழுவுக்கும் சராசரி எடுங்கள். வித்தியாசம் இருந்தால் உங்கள் கணிப்புக்குக் கால் இருக்கிறது. பூத் கணக்கை வைத்து தனி மனிதரைப் பற்றி எழுதிவிடாதீர்கள். தண்ணீர் இல்லாத பூத்தில் வாக்கு சரிந்ததென்றால், சரிந்தது தண்ணீர் இல்லாத வீட்டின் வாக்குதான் என்று அந்தத் தாள் சொல்லாது.

பூத் எண்ணை நம்பி இரண்டு தேர்தல்களை ஒப்பிடுவதில் ஒரு பொறி உண்டு. 2021-இல் கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு வைத்ததால் பல பூத்துகள் இரண்டாகப் பிரிந்தன. எண் ஒன்றாக இருந்தாலும் தெரு வேறாக இருக்கும். பள்ளிக்கூடத்தின் பெயர், எந்த அறை, எந்தத் தெருக்கள் என்று வாக்குச்சாவடிப் பட்டியலை வைத்துச் சேருங்கள். தபால் வாக்குகள் பூத் வாரியாக வராது. தாளின் அடியில் மொத்தமாக இருக்கும் அதைக் கழித்துவிடுங்கள்.

ஒரே விரல், இரண்டு ஓட்டு என்ற அரிய வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். 2019 ஏப்ரல் 18-இல் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்ற இடைத்தேர்தல்களும் நடந்தன. தர்மபுரி மக்களவைத் தொகுதியில் வென்றது திமுக. அதற்குள் அடங்கிய அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இடைத்தேர்தல்களில் வென்றது அதிமுக. தேனியில் நேர்மாறு: மாநிலத்திலேயே அதிமுக ஜெயித்த ஒரே மக்களவைத் தொகுதி அதுதான், ஆனால் அதே தேனிக்குள் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் திமுகவுக்குப் போயின. அதே வரிசை, அதே பூத், இரண்டு இயந்திரங்கள். டெல்லியில் யார் என்ற கேள்விக்கு ஒரு பொத்தானும், இங்கே இந்த ஆட்சி நீடிக்கட்டுமா, உள்ளூரில் யார் நம்மாள் என்ற கேள்விக்கு இன்னொரு பொத்தானும் அழுத்தியவர்கள் அந்த வரிசையில் நின்றிருக்கிறார்கள். இரண்டு தேர்தலின் படிவம் 20-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூத் பூத்தாக ஒரு கட்சியின் இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள். இடைவெளி எங்கே பெரிதாக இருக்கிறதோ அந்த ஊருக்கு முதலில் வண்டியை விடுங்கள்.